பதினொன்றாவது கிண்ணத்தில் வந்த மயில்கழுத்து

பதினொன்றாவது கிண்ணத்தில்தான் வந்தது. கறுப்புக் கிளேஸின் (பாண்டத்தின் மேல் உருகி ஒட்டும் கண்ணாடிப் பூச்சு) மேல், விளிம்போரம் பொன்; அதற்குக் கீழே ஊதா; வயிற்றுப் பக்கம் நீலமும் பச்சையும் குழைந்த அசல் மயில்கழுத்து. கையில் எடுத்துச் சாய்த்தால் நிறங்கள் இடம் மாறி ஓடுகின்றன. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன், நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை. இதற்கு முன் கெட்டுப்போன பத்துக் கிண்ணங்களும் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் தேதி, சூடு, எத்தனை முறை தூவினேன் என்பதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய நினைத்தது எளிமையான காரியம். ராக்கு என்பது பாண்டத்தைத் தணலோடு சூளையிலிருந்து எடுத்து ஆறவிடும் முறை. அப்படிச் சூடாக எடுத்த ராக்குப் பாண்டத்தின் மேல் ஸ்டேனஸ் குளோரைடு, அதாவது தகர உப்புக் கரைசலைத் தூவானம்போல் அடிக்க வேண்டும். சூட்டில் உப்பு சிதைந்து, தகர ஆக்சைடு மிக மெல்லிய படலமாகக் கிளேஸின் மேல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் தெரியும் நிறங்கள் எப்படி வருகின்றனவோ, அப்படியே இதிலும் வரும். சாயம் எதுவும் கிடையாது. படலத்தின் தடிமன்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. பெர்ரிக் குளோரைடு வேறு மாதிரி. அது இரும்பு உப்பு. பொன், செம்மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மண்ணின் பக்கமாகவே போகும்.

கிண்ணங்கள் எல்லாம் ஒரே அளவு: விட்டம் 12 செ.மீ., சுவர்த் தடிமன் 6 மி.மீ., எடை ஏறத்தாழ அரைக் கிலோ. களிமண்ணில் கால் பங்கு சுட்ட மண் குருணை கலந்திருந்தேன். குருணை இல்லாத மண் இந்தச் சூட்டு அதிர்ச்சியைத் தாங்காது. முதல் சுடல் 1000 டிகிரி செல்சியஸில். கிளேஸுக்கு ஜெர்ஸ்ட்லி போரேட் என்ற போரான் கனிமம் 80, நெஃபிலின் சயெனைட் என்ற பாறைப்பொடி 20 என்ற பழைய கலவை. பாதிக் கிண்ணங்களுக்கு அதை அப்படியே பூசினேன். மீதிக்கு 8 சதவீதம் கறுப்பு நிறமி சேர்த்தேன். சூளை, பீங்கான் நார் பொதிந்த சிறிய எரிவாயுச் சூளை. மேல்கூட்டை அப்படியே தூக்கி எடுக்கலாம். சுவரில் சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்று செருகியிருக்கும்.

முதல் சூளையில் பெர்ரிக் குளோரைடை மட்டும் எடுத்துக்கொண்டேன். மின்சுற்றுப் பலகை அரிக்க விற்கிறார்களே, அதே கரும்பழுப்புத் திரவம். வழக்கம்போல் 960 டிகிரியில் எடுத்து, மரத்தூள் போட்ட மூடித் தொட்டிக்குள் வைத்துப் பத்து நிமிடம் புகையூட்டி, வெளியே எடுத்துத் துடைத்து, அதன் பிறகு தூவினேன். நீர்க்கலப்பு இல்லாமல் அப்படியே அடித்தேன். பாண்டம் அதற்குள் ஆறிவிட்டிருந்தது. உப்பு மஞ்சள் கறையாகப் படிந்து வழிந்தது. கழுவியதும் முக்கால்வாசி போய்விட்டது. எஞ்சியது துருக்கறை. புகையூட்டிய பிறகு தூவுவதில் பயனில்லை என்பது அன்றே தெரிந்தது: சூடும் இல்லை, கிளேஸின் மேல் கரிப்படலம் வேறு.

இரண்டாவது சூளைக்கு ஸ்டேனஸ் குளோரைடு வாங்கினேன். 10 கிராம் உப்புப் படிகத்தை 100 மி.லி. வடித்த நீரில் போட்டதும் மோர் மாதிரி வெளுத்தது. அழுக்கு என்று நினைத்து வடிகட்டினேன். அது தவறு. அந்த வெள்ளைதான் தகரம். இந்த உப்பு வெறும் நீரில் பிரிந்து கரையாத பொடியாக மாறிவிடும், அமிலம் இருந்தால்தான் தெளிவாகக் கரைந்து நிற்கும். இப்போது நான் செய்வது: 10 கிராம் உப்பை முதலில் 3 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலை வடித்த நீரில் மெதுவாகச் சேர்த்து 100 மி.லி. ஆக்குகிறேன். எப்போதும் அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்குக் கரைப்பது நல்லது; காற்றுப் பட்டால் தகர உப்பு வீரியம் இழக்கும்.

அன்று இன்னொரு தவறும் நடந்தது. செடிக்கு மருந்தடிக்கும் பித்தளை முனை வைத்த பம்பில் கரைசலை ஊற்றியிருந்தேன். அரைமணி நேரத்தில் முனை பச்சை பூத்து அடைத்துக்கொண்டது. கரைசலுக்குள் செம்பு கலந்துவிட்டால் நிறம் எதனால் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? முழுக்க முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன, உள்ளே எஃகு ஸ்பிரிங் திரவத்தில் படாத, நுண்துளி அடிக்கும் கைப்பம்பு பாட்டில்தான் சரி. இரண்டு உப்புக்கும் தனித்தனி பாட்டில், மூடியில் பெயர்.

அந்தச் சூளையைத் திறந்தது நடுப்பகலில். முந்தைய தவறு ஆறிய பாண்டம் என்பதால், இந்த முறை சூளையிலிருந்து எடுத்த கையோடு தூவினேன். நல்ல வெயில், கிண்ணத்தில் சிவப்புத் தணல் எதுவும் தெரியவில்லை. கிளேஸ் உறைந்திருக்கும் என்று நம்பினேன். உண்மையில் அது 850 டிகிரிக்குக் குறையாமல் இருந்திருக்கும், கிளேஸ் பாகாக இருந்திருக்கும். துளிகள் பட்ட இடமெல்லாம் அம்மைத் தழும்பு போல் குழிந்தது, நடுவில் வெண்மேகம் படிந்தது. இரண்டு கிண்ணங்கள் 'டிங்' என்று விரிசல் விட்டன. ஒன்று இடுக்கியிலேயே இரண்டாகப் பிளந்தது. இருட்டில் சூடான பொருள் சுமார் 525 டிகிரியிலேயே மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். வெயிலில் 700 டிகிரிகூடக் கண்ணுக்குத் தெரியாது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தும், வெயிலில் நின்றபோது கண்ணைத்தான் நம்பினேன்.

மூன்றாவது முறை அகச்சிவப்பு வெப்பமானி வாங்கினேன், துப்பாக்கி வடிவில் இருக்குமே அது. அதன் எல்லை 550 டிகிரி. அதற்கு மேல் எண் காட்டாது. நான் என்ன செய்தேன் என்றால், எண் தெரிய ஆரம்பித்ததும் தூவத் தொடங்கினேன். முதல் இரண்டு தூவலிலேயே 480க்கு வந்துவிட்டது, நான்காவதில் 420. வெள்ளியும் வெளிறிய பொன்னும் திட்டுத் திட்டாக வந்து நின்றுபோயின. அதற்கு மேல் எவ்வளவு அடித்தாலும் வெண்பூச்சுதான் ஏறியது, கழுவியதும் அது கரைந்து போனது. கரைசல் போதவில்லை என்று நினைத்து 10 சதவீதத்தை 15 ஆக்கினேன், பிறகு 20 ஆக்கினேன். வெண்பூச்சு கூடியதுதான் மிச்சம். இந்தச் சூளையில் நான்கு கிண்ணங்களும் நிறைய உப்பும் போயின. இந்தப் பதிவில் யாராவது ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளட்டும்: எனக்குத் தேவைப்பட்ட சூடு என் கருவியின் எல்லைக்கு மேலே இருந்தது. கருவி காட்டாததை இல்லாததாக எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் கண்ணாடித் தொழில் கைகொடுத்தது. அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி 1894இல் 'ஃபவ்ரில்' என்று பெயர் பதிவு செய்து விற்ற வானவில் கண்ணாடிகளும், 1908 முதல் அமெரிக்காவில் மலிவாக வந்த கார்னிவல் கண்ணாடிகளும் இதே உலோக உப்புத் தூவல்தான். அங்கே கண்ணாடி ஊதுபவர் பொருள் உருவம் குலையாமல் நிற்கும் அளவுக்கு உறைந்து, ஆனால் உலைச்சூடு இன்னும் போகாமல் இருக்கும் நேரத்தில் தூவுகிறார். கிளேஸும் கண்ணாடிதான். அப்படியானால் நான் தேட வேண்டியது பாகுக்கும் 550க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை.

அதை அளக்க ஒரு கிண்ணத்தைப் பலி கொடுத்தேன். அடியில் துளையிட்டு, தெர்மோகப்பிளின் மெல்லிய கம்பி முனையை உள்சுவரில் தீக்களிமண்ணால் ஒட்டி, 900க்கு ஏற்றி வெளியே வைத்து, கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். 900இலிருந்து 700க்கு வர 28 விநாடி. 700இலிருந்து 550க்கு இன்னொரு 37 விநாடி. எனக்குப் பயன்படும் நேரம் மொத்தமே அரை நிமிடம் என்று அப்போதுதான் புரிந்தது. அதிலும் தூவும் நீர் ஆவியாகும்போது கிண்ணத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 15 மி.லி. முழுதும் பாண்டத்தின் மேலேயே விழுந்து ஆவியானால் இந்த அளவுக் கிண்ணம் 70, 80 டிகிரி இறங்கிவிடும்.

நான்காவது சூளையை அந்தி சாயும் நேரத்தில் வைத்தேன். தணல் நன்றாகத் தெரிந்தது. சிவப்பு மங்கி, 'இருக்கிறதா இல்லையா' என்று சந்தேகம் வரும் நொடியில் தூவத் தொடங்கினேன். சூடு சரியாகவே அமைந்தது. ஆனால் அந்த அரையிருட்டில் படலம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பாட்டில் காலியாகும்வரை அடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் வெளிறிய இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்து, மேலே பால் ஆடை போல் ஒரு மங்கல். நீலத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூவும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெண்புகையாக எழும். நான் காற்றுக்கு முதுகு காட்டி நின்றிருந்தேன். காற்று திடீரென்று திரும்பியது. முகத்தில் இருந்தது தூசுக்கான முகமூடி மட்டும். வாயுவை அது தடுக்காது. இரவு முழுக்க இருமல், கண்ணெரிச்சல், தொண்டையில் உலோகச் சுவை. அதன் பிறகு அமில வாயுவுக்கென்று குறித்த கார்ட்ரிட்ஜ் பொருத்திய சுவாசக் கவசம், காற்றுப் புகாத கண்ணாடி, முழங்கை வரை வரும் கையுறை மூன்றும் இல்லாமல் பாட்டிலைத் தொடுவதில்லை. காற்று எப்பக்கம் அடிக்கிறது என்று பார்க்க ஒரு கம்பியில் ரிப்பன் கட்டியிருக்கிறேன். அது சுழன்றால் அன்றைக்குத் தூவல் கிடையாது. கூரைக்குக் கீழே, மூடிய பட்டறையில், சூளைக்குள்ளே, இந்த மூன்று இடத்திலும் கூடாது. சூளைக்குள் தூவிவிட்டால் பர்னரும் தெர்மோகப்பிள் உறையும் அரித்துப் போகும். அன்று காற்றுப் போன திசையில் மாட்டியிருந்த இரும்புக் கருவிகள் எல்லாம் இரண்டே நாளில் துருப்பிடித்தன. இடுக்கியை இப்போது வேலை முடிந்ததும் சோடா உப்புக் கரைத்த நீரில் கழுவி, எண்ணெய் தடவி வைக்கிறேன்.

நண்பகலில் சூடு தெரியவில்லை, அந்தியில் நிறம் தெரியவில்லை. ஒரே கண்ணால் இரண்டையும் பார்க்கப் பார்த்ததுதான் சிக்கல். சூட்டைத் தெர்மோகப்பிள் பார்த்துக்கொள்ளட்டும், கண் நிறத்தை மட்டும் பார்க்கட்டும் என்று ஐந்தாவது சூளையை வைத்தேன்.

960இல் கிளேஸ் பளபளவென்று உருகியதும் எரிவாயுவை நிறுத்தினேன். பாண்டத்தை உடனே எடுக்கவில்லை. மூடிய சூளை தானாக ஆறட்டும் என்று விட்டேன். தெர்மோகப்பிள் 720 காட்டியபோது கூட்டைத் தூக்கினேன். இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும் சரி செய்தது. சுவர் முழுக்க ஒரே சூடு, கிளேஸ் உறைந்திருக்கிறது, அதிர்ச்சியும் குறைவு. பக்கத்தில் முன்கூட்டியே சூடாக்கிய இலகு செங்கல்மேல் வைத்தேன். குளிர்ந்த கல்லில் வைத்தால் அடிப்பாகம் சூட்டை இழந்துவிடும். பகல் நேரம், ஆனால் திறந்த நிழல். பத்து விநாடி பொறுத்து, 30 செ.மீ. தூரத்திலிருந்து முதல் தூவல்.

ஒரு அழுத்தம், செங்கல்லைக் கால் சுற்று திருப்பல், இரண்டு விநாடி இடைவெளி, மறுபடி ஒரு அழுத்தம். துளி பாண்டத்தில் விழுந்து ஓடக் கூடாது, தொட்ட மாத்திரத்தில் மறைய வேண்டும். நாலாவது அழுத்தத்தில் வெள்ளிப் பளபளப்பு ஏறியது. ஏழில் பொன். பொன் கருத்து ஊதாவானது பத்தாவதில். பன்னிரண்டாவதில் வயிற்றுப் பக்கம் நீலம் திறந்தது. கை தானாக இன்னொரு முறை அழுத்தப் போனது; நிறுத்திக்கொண்டேன். இந்த வரிசை மாறுவதே இல்லை என்பதை அதற்குப் பிறகு பல முறை பார்த்துவிட்டேன்: வெள்ளி, பொன், ஊதா, நீலம், பச்சை. படலம் தடிக்கத் தடிக்க இந்த வரிசையில்தான் வரும். நீலத்தைத் தாண்டினால் மறுபடி இளஞ்சிவப்பும் பச்சையும் வரும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நிறம் வெளிறிக்கொண்டே போகும். ஆகவே எண்ணிக்கையை மனப்பாடம் செய்வதைவிட வரிசையைப் பார்த்து நிறுத்துவதுதான் நம்பகமானது.

கறுப்புக் கிளேஸில்தான் இந்த அளவு ஆழம் கிடைக்கிறது. அடியிலிருந்து திரும்பும் வெளிச்சத்தைக் கறுப்பு விழுங்கிவிடுவதால் படலத்தின் நிறம் மட்டும் தனியாக நிற்கிறது. வெள்ளைக் கிளேஸில் அதே தூவல் சிப்பியின் உட்புறம் போல மெல்லிய மினுமினுப்பைத் தந்தது. அதுவும் அழகுதான், சொல்லப்போனால் சிறிய மூடிச் செப்புகளுக்கு எனக்கு அதுவே அதிகம் பிடிக்கிறது.

தூவலோடு நிறுத்தி, மரத்தூளில் புகையூட்டாமல் விட்டால் அது ராக்குவா என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து, தூவிய ஒரு கிண்ணத்தைத் தொட்டிக்குள் போட்டு நிறத்தைச் சாம்பலாக்கினேன். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் முதல் ராக்குக் குயவரான சோஜிரோ செய்த தேநீர்க் கிண்ணங்கள் புகைத் தொட்டியைக் கண்டதில்லை. தணலோடு எடுத்துக் காற்றில் ஆறவிட்டவை அவை. இலைதழைகளிலும் மரத்தூளிலும் போட்டுப் புகையூட்டும் வழக்கம் 1960இல் அமெரிக்காவில் பால் சோல்ட்னர் என்ற குயவர் தொடங்கி வைத்தது. இரண்டையும் விட்டுக்கொடுக்க மனமில்லாததால் ஒரு நடுவழி கண்டேன். தூவி முடித்ததும் கிண்ணத்தைத் தூக்கி, ஒரு தகரத் தட்டில் இரண்டு விரல் உயரம் பரப்பிய மரத்தூளில் அடிப்பாதத்தை மட்டும் அமுக்கி வைக்கிறேன். கிளேஸ் படாத பாதம் கன்னங்கரேல் என்று கறுக்கிறது. மேலே நிறம் கெடவில்லை. புகை மேலேறாமல் ஓரத்தில் ஒரு வளையம் நனைந்த காகிதம் சுற்றி வைக்க வேண்டும்.

அடுத்து பெர்ரிக் குளோரைடுக்குத் திரும்பினேன். முதல் நாள் கைவிட்டதை இப்போது சூட்டை அறிந்து செய்தபோது கதையே வேறு. கடைத் திரவம் ஒரு பங்குக்கு வடித்த நீர் இரண்டு பங்கு. இதற்குத் தகரத்தைவிடக் குறைந்த சூடு போதும். 500 டிகிரி அளவில், என் பழைய வெப்பமானி எண் காட்டும் எல்லைக்குள்ளேயே. கிளேஸ் பூசாத வெறும் சுட்ட மண்ணில் மூன்று அழுத்தத்தில் தேன் நிறம், ஆறில் செம்மஞ்சள், அதற்கு மேல் செங்கல் சிவப்பு. ஒரு கிண்ணத்தில் 680இல் தகரத்தை அடித்து நீலம் வந்ததும் நிறுத்தி, 500க்கு இறங்கியதும் விளிம்பில் மட்டும் இரும்பை இரண்டு அழுத்தம் கொடுத்தேன். நீலத்தின் தலையில் பொன்வளையம் ஏறியது. வரிசையை மாற்றி இரும்பை முதலில் அடித்த கிண்ணத்தில் தகர நிறம் எழவே இல்லை, அழுக்குப் பழுப்பாக நின்றது.

செலவைப் பொறுத்தவரை ஸ்டேனஸ் குளோரைடுதான் இதில் விலை கூடியது. ஆனால் ஒரு கிண்ணத்துக்கு 15 மி.லி. கரைசல், அதாவது ஒன்றரைக் கிராம் உப்பு போதும். 100 கிராம் புட்டி அறுபது கிண்ணங்களுக்கு மேல் வரும். நான் பத்துக் கிண்ணத்துக்குள் அரைப் புட்டியைத் தீர்த்தது 20 சதவீதக் கரைசலால். சுவாசக் கவசத்துக்கான கார்ட்ரிட்ஜ் தொடர்செலவு. திறந்த கார்ட்ரிட்ஜ் பயன்படுத்தாவிட்டாலும் வீரியம் குறையும், மூடிய பையில் வைக்க வேண்டும். மிஞ்சிய கரைசலையும் கிண்ணத்தை முதலில் கழுவிய நீரையும் சாக்கடையில் விடுவதில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, நுரை நிற்கும்வரை சலவைச் சோடா போட்டு, அடியில் தங்கும் சேற்றைக் காயவைத்துத் தனியாக ரசாயனக் கழிவில் சேர்க்கிறேன். பெர்ரிக் குளோரைடு சிந்திய சிமெண்ட் தரையில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. இந்தக் கிண்ணங்களில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று வாங்குகிறவர்களிடம் சொல்லியே கொடுக்கிறேன். ராக்குப் பாண்டம் இயல்பிலேயே நீர் கசியும், நுண்விரிசல் நிறைந்தது.

அடுத்த முறை சுவரை 9 மி.மீ. ஆக்கப் போகிறேன். மெல்லிய சுவர் கையில் எடுக்க இதமாக இருந்தாலும் அரை நிமிடத்தில் சூட்டைத் தொலைக்கிறது. தடித்த சுவர் இன்னும் பத்துப் பதினைந்து விநாடி தாக்குப்பிடிக்கும் என்பது என் கணக்கு. 1000 டிகிரி வரை அளக்கும் வெப்பமானி ஒன்றும் வாங்க வேண்டும். திருப்பும்போது செங்கல் தடுமாறுவதால், பழைய சக்கரத்தின் தலைப்பலகையில் நார்ப்போர்வை சுற்றி ஒரு சுழல்மேடை செய்துகொண்டிருக்கிறேன். ஒரு கையால் மேடையைச் சுழற்றிக்கொண்டே மறுகையால் தூவினால் பின்பக்கம் வெள்ளியிலேயே நின்றுபோகும் குறை தீரும். பதினொன்றாவது கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த வெள்ளித் திட்டு, கட்டைவிரல் அகலத்தில், இன்னும் அங்கே இருக்கிறது. புதிய மண்ணில் ஆறு கிண்ணங்கள் வனைந்து, நிழலில் காய வைத்திருக்கிறேன்.